கண்மாய் வரத்துக்குள் பிளாட் கல்: ஊர் நிலத்தைக் காக்க எதில் தொடங்குவது?

கேள்வி: எங்கள் ஊர் தென் மாவட்டம் ஒன்றில், நான்கு வழிச்சாலையிலிருந்து 3 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஒரு கண்மாய், அதன் ஆயக்கட்டில் 80 ஏக்கர் நஞ்சை, மேற்கே மானாவாரிப் புஞ்சை, 22 ஏக்கர் மேய்க்கால் (பொது மேய்ச்சல் நிலம்) இருக்கின்றன. இரண்டு வருடமாகப் புரோக்கர்கள் வந்துபோகிறார்கள். கண்மாய்க்கு மேற்கே 14 ஏக்கர் புஞ்சை கைமாறி, சரள் அடித்து, பிளாட் கல்லும் ஊன்றிவிட்டார்கள். பெரியவர்களும் இளைஞர்களுமாக முப்பது பேர் சேர்ந்திருக்கிறோம். கிராம சபையில் தீர்மானம் போட்டால் இது நிற்குமா? வெளியூர்க்காரருக்கு விற்பதில்லை என்று எல்லோரிடமும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கலாமா? நாங்களே சேர்ந்து நிலத்தை வாங்கிப் போட முடியுமா?

பதில்: மூன்றுக்கும் முதலில் நேரான பதில். தீர்மானம் மட்டும் நிறுத்தாது. ஆனால் அது கையில் இல்லாமல் போனால் எந்த அலுவலகத்திலும் உங்கள் பேச்சு எடுபடாது. ஸ்டாம்ப் பேப்பர் எழுத்து செல்லாது. சேர்ந்து வாங்கலாம், அதைக் கடைசியில் வையுங்கள்.

முதலில் பிடிக்க வேண்டியது மேய்க்கால், வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்), ஓடை, வண்டிப்பாதை ஆகிய பொது நிலங்களை. பட்டா நிலத்தை விற்பது அவரவர் உரிமை. அதில் ஊர் நேரடியாகக் கை வைக்க முடியாது. ஆனால் பிளாட் போடுகிறவருக்குப் பாதை வேண்டும், வாய்க்காலைக் கடக்க வேண்டும், மழைத்தண்ணீரை எங்காவது விட வேண்டும். இந்த மூன்றுமே பெரும்பாலும் புறம்போக்கில் வந்துதான் முட்டும். அங்கே உங்கள் பேச்சுக்குச் சட்டபலம் உண்டு.

ஆகவே வேலை அ-பதிவேட்டில், அதாவது ஒவ்வொரு புல எண்ணின் பரப்பு, வகைப்பாடு, உரிமையாளர் ஆகியவற்றைக் காட்டும் வருவாய்க் கணக்கில், தொடங்கட்டும். ஒரு புல எண்ணுக்கான விவரம் வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே கிடைக்கும். ஊர் முழுமைக்கும் வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு கொடுங்கள். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மனுவில் ‘ஏன்’ என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. அ-பதிவேட்டு நகல், கிராம வரைபடம், மேய்க்காலும் 14 ஏக்கரும் அடங்கிய புலங்களின் புலப்படம் (அளவு வரைபடம்), அந்தப் புலங்களுக்குக் கடைசி ஐந்து பசலி (வருவாய் ஆண்டு) அடங்கல் (பயிர்க் கணக்கு) என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

வந்ததும் பழைய செட்டில்மெண்ட் (நிலவரித் திட்ட) பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது ஊரில் யூ.டி.ஆர். என்று சொல்வதில், பல ஊர்களில் வகைப்பாடு தவறாக ஏறியிருக்கிறது. மேய்க்கால் ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’ (நிலவரி விதிக்கப்பட்ட அரசுத் தரிசு) என்று மாறியிருக்கலாம். களமோ பாதையோ பக்கத்துப் பட்டாவுக்குள் போயிருக்கலாம். 22 ஏக்கர் என்று ஊரே சொல்லும் நிலம் பதிவேட்டில் 8.90 எக்டேர் காட்ட வேண்டும். 7 எக்டேர்தான் இருக்கிறது என்றால் மிச்சம் எந்த உட்பிரிவில் போனது என்று தேடுங்கள். பிழை தெரிந்தால் மாவட்ட வருவாய் அலுவலருக்குத் திருத்த மனு போடலாம். பிளாட் விற்று, பத்துப் பேர் பெயருக்குப் பட்டா மாறிய பிறகு இதே திருத்தம் பத்து வழக்காக நிற்கும்.

ஒப்பிடும்போது ‘டி.சி. நிபந்தனை’ என்ற குறிப்பு எங்காவது தென்படுகிறதா என்றும் கட்டாயம் பாருங்கள். 1892 அரசாணையின்படி ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலம் அது. அவர்கள் அல்லாதவருக்கு விற்றது செல்லாது. கைமாறிய 14 ஏக்கரில் அப்படி ஒரு துண்டு இருந்தால், அதை மீட்டு உரிய குடும்பங்களிடம் சேர்ப்பதும் உங்கள் குழுவின் வேலைதான். நிலம் காக்கும் முயற்சி பட்டாதாரர்களின் முயற்சியாக மட்டும் இருந்தால், நிலமில்லாத குடும்பங்கள் அதில் சேர மாட்டார்கள். சேர வேண்டிய காரணமும் அவர்களுக்கு இல்லை. ஆடு மேய்ப்பவரும் விறகு பொறுக்குபவரும்தான் மேய்க்காலை நாள்தோறும் பார்க்கிறவர்கள். முப்பது பேரில் அவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது நடை. புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கண்மாய்க்கு வரும் வரத்துக்காலை மேலிருந்து கீழாக நடந்து பாருங்கள். புலப்படத்தில் வாய்க்கால் இரட்டைக் கோடாக, பெரும்பாலும் தனிப் புல எண்ணோடு இருக்கும். தரையில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு நில அளவைக் கல்லிலும் நின்று குறியுங்கள். சரள் அடித்த இடத்தில் வாய்க்காலின் கரை மட்டம் எவ்வளவு, மனையின் மட்டம் எவ்வளவு என்று டேப்பில் அளந்து எழுதுங்கள். புஞ்சையின் மட்டத்தை இரண்டு மூன்று அடி உயர்த்திவிட்டால், சரிவில் பரவி ஓடி வந்த மழைநீர் சாலை ஓரமாகத் திரும்பி வேறு பக்கம் போய்விடும். கண்மாயில் ஒரு அடி மண்ணும் விழாமலே கண்மாய் நிறையாமல் போவது இப்படித்தான். வாய்க்காலை மூடாமல் மேலே பாலம் போட்டிருக்கிறோம் என்பார்கள். பாலத்தின் அடியில் போட்ட குழாயின் விட்டத்தை அளந்து, வாய்க்காலின் அகலத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். ஆறடி அகல வரத்துக்காலில் ஒன்றரை அடிக் குழாய் இருந்தால் அந்த ஒரு வரியே ஆட்சேபனைக்குப் போதும். இடக்குறிப்பும் தேதியும் விழும்படி படம் எடுங்கள். ஐப்பசி மழையில் அதே இடங்களில் மறுபடி எடுங்கள்.

இனி அந்த 14 ஏக்கருக்கு வருவோம். வில்லங்கம் போட்டுப் பாருங்கள். கிரயப் பத்திரமா, விற்பனை ஒப்பந்தமா, பவர் பத்திரமா என்பதுதான் அடுத்த நடவடிக்கையைத் தீர்மானிக்கும். பல இடங்களில் விவசாயிக்குச் சிறிய அட்வான்ஸ் கொடுத்து, பவர் மட்டும் வாங்கிக்கொண்டு, பிளாட் விற்க விற்கப் பணம் தருவார்கள். அப்படியானால் விற்காத பகுதிக்கு இன்னும் விவசாயிதான் உரிமையாளர். அவர் மனம் மாறினால் பேச்சுக்கு இடம் உண்டு. ஆனால் பவர் வாங்கியவருக்கும் அந்தச் சொத்தில் உரிமை கலந்திருக்கிறது என்றால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 202-வது பிரிவு அதை எளிதில் ரத்து செய்ய விடாது. அட்வான்ஸ் தொகை எவ்வளவு, பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்க்காமல் அவரை ரத்துப் பத்திரம் போடச் சொல்லாதீர்கள். வழக்கில் சிக்கப்போவது அவர்தான்.

ஊராட்சித் தலைவருக்கு மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் இல்லை. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று விளம்பரப் பலகை இருந்தால் அதைப் படம் எடுத்து வையுங்கள். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் தொழில்நுட்ப அனுமதி வேண்டும். உங்கள் ஊர் எந்தத் திட்டப் பகுதிக்குள்ளும் (நகர் வளர்ச்சித் திட்டத்துக்கென அறிவிக்கப்பட்ட பகுதி) வராவிட்டால், 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-A பிரிவும் 2017-ஆம் ஆண்டு நிலப்பயன் மாற்ற விதிகளும் பொருந்தும். விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற முன் அனுமதி தேவை. திட்டப் பகுதிக்குள் இருந்தால் ‘விவசாயப் பகுதி’ என்ற வகையை மாற்றும் நடைமுறை தனி. அதில் ஆட்சேபம் கேட்டு நாளிதழில் அறிவிப்பு வரும். எந்த வகை என்பதை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

அனுமதி இல்லாத மனையைச் சார்பதிவாளர் பதிவு செய்யக் கூடாது. பதிவுச் சட்டத்தின் 22-A பிரிவு 2016 அக்டோபர் 20 முதல் இதைத் தடுக்கிறது. அந்தத் தேதிக்கு முன்பே மனையாகப் பதிவானவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. இதைத் தாண்ட, விவசாய நிலம் என்றே எழுதி 10 சென்ட், 20 சென்ட்டாகப் பிரித்து விற்பார்கள். ‘பண்ணை மனை’ என்று பெயர் வைப்பார்கள். ஒரே புல எண்ணில் அடுத்தடுத்து சிறு துண்டுகளாகக் கிரயம் ஏறுகிறதா என்று மாதம் ஒருமுறை வில்லங்கம் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகாமல் விளம்பரமே செய்யக் கூடாது. நோட்டீஸில் பதிவு எண் இல்லையென்றால் அந்த நோட்டீஸே ஆதாரம்.

ஆட்சேபனை மனுவை மாவட்ட ஆட்சியருக்கு எழுதி, நகர் ஊரமைப்பு மாவட்ட அலுவலகம், கோட்டாட்சியர், வேளாண் இணை இயக்குநர், நீர்வளத்துறை செயற்பொறியாளர், வட்டார வளர்ச்சி அலுவலர், சார்பதிவாளர் என எல்லோருக்கும் நகல் கொடுங்கள். ஒவ்வொரு அலுவலகத்திலும் உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். ‘விவசாயம் அழிகிறது, ஊர் கெடுகிறது’ என்று இரண்டு பக்கம் எழுதினால் அது வேறு மேசைக்குப் போய்த் தூங்கும். இன்ன புல எண்ணில் உள்ள வாய்க்கால் இத்தனை மீட்டர் நீளத்துக்கு மூடப்பட்டிருக்கிறது, இன்ன வண்டிப்பாதை மனைப்பிரிவுச் சாலையாகக் காட்டப்பட்டிருக்கிறது, நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று இருக்கிறதா என்று மூன்று கேள்வி போதும். மனைப்பிரிவுச் சாலைகள் தானப் பத்திரமாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கப்படும். அந்தத் தானத்தில் ஏற்கெனவே அரசுக்குச் சொந்தமான பாதையையே சேர்த்து எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். இது நடக்கிறது, கண்டுபிடிப்பதும் எளிது.

கிராம சபைக்கு வருவோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம். தனி அலுவலர் பொறுப்பில் உள்ள ஊராட்சியிலும் கிராம சபை உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் என்பது குறைந்தபட்ச வருகை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து குறைந்தால் தீர்மானமே அடிபடும். ஆகவே கூட்டம் முடிந்து கலைவதற்குள் கையெழுத்தை எண்ணுங்கள். பொருளை ஒரு வாரம் முன்பே எழுத்தில் கொடுத்து நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

தீர்மானத்தின் வாசகம் இப்படி இருக்கட்டும்: ‘இன்ன புல எண்ணில் உள்ள 8.90 எக்டேர் மேய்க்கால் புறம்போக்கை எந்தத் துறைக்கும் தனியாருக்கும் வகைமாற்றம் செய்ய இச்சபை ஆட்சேபம் தெரிவிக்கிறது. அதன் எல்லையை அளந்து கல் நடவும், இன்ன புல எண் வரத்துக்காலில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றவும் வட்டாட்சியரைக் கேட்டுக்கொள்கிறது. மேற்படி நிலங்களைப் பாதிக்கும் மனைப்பிரிவு விண்ணப்பம் வந்தால் ஊராட்சி தன் கருத்தைச் சபையில் வைத்த பின்னரே அனுப்ப வேண்டும்.’ தீர்மான எண்ணோடு சான்றிட்ட நகல் வாங்குங்கள். ‘ஊரில் யாரும் நிலம் விற்கக் கூடாது’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் சட்டத்துக்கு முரண் என்று முழுத் தீர்மானமும் ரத்தாக வாய்ப்பு இருக்கிறது.

தீர்மானத்தின் வலிமை எவ்வளவு என்பதிலும் தெளிவு வேண்டும். 2013-இல் ஒடிசாவின் நியம்கிரியில் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கத்தை மறுத்து, அது நின்றது. அங்கே வன உரிமைச் சட்டமும் உச்ச நீதிமன்ற உத்தரவும் பின்னால் இருந்தன. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டும் அரசு நிலமெடுப்பை நிறுத்தவில்லை. சமவெளிக் கிராமத்தில் அரசுத் திட்டத்தை மறுக்கும் அதிகாரம் சபைக்கு இல்லை. ஆனால் பொது நிலம் பற்றிய வழக்கில் அது நல்ல சாட்சி. 2011 ஜனவரி 28-இல் ஜக்பால் சிங் வழக்கில், கிராமப் பொது நிலத்தை ஆக்கிரமித்தவருக்கு முறைப்படுத்திக் கொடுப்பதை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்து, ஆக்கிரமிப்பை அகற்றி நிலத்தை ஊருக்கு மீட்டுத் தர எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பை ஒவ்வொரு மனுவிலும் குறிப்பிடுங்கள். வீடில்லாமல் புறம்போக்கில் குடிசை போட்டிருக்கும் குடும்பங்களை இதே மூச்சில் சேர்க்காதீர்கள். அவர்களுக்கு மாற்று இடம் கேட்டுத் தனி மனு கொடுங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது அடங்கல். ஒவ்வொரு பசலியிலும், அதாவது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை, எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் அதில் எழுதுவார். மானாவாரியில் சோளமோ உளுந்தோ போட்டிருந்தும் ‘தரிசு’ என்று தொடர்ந்து மூன்று நான்கு வருடம் ஏறிவிட்டால், ‘இங்கே விவசாயமே நடக்கவில்லை’ என்று நிலப்பயன் மாற்றம் கேட்பவர் அதைத்தான் முதலில் நீட்டுவார். விதைத்த மாதத்திலேயே ஒவ்வொரு விவசாயியும் பயிரைப் பதியச் சொல்லட்டும். பயிர்க் காப்பீடு, நிவாரணம் எல்லாமே இதை வைத்துத்தான் வருகின்றன என்பதால், இதற்கு யாரையும் அதிகம் வற்புறுத்த வேண்டியிருக்காது.

விற்க நினைக்கும் அண்டைவீட்டாரைத் துரோகி என்று பேசத் தொடங்கினால் உங்கள் குழு அன்றே உடையும். மகள் கல்யாணக் கடன், கிணற்றில் தண்ணீர் இல்லாதது, பிள்ளைகள் வெளியூரில் நிலைத்துவிட்டது என்று ஒவ்வொருவருக்கும் காரணம் உண்டு. அவர்களிடம் வாங்கும் ஸ்டாம்ப் பேப்பர் எழுத்து ஏன் செல்லாது என்றால், நிலத்தை விற்கவே கூடாது என்ற முழுத் தடை சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 10-வது பிரிவை ஒட்டி நிற்காது. அதற்குப் பதில் முன்வாங்கும் உரிமை ஒப்பந்தம் செய்யலாம்: ‘விற்பதாக இருந்தால் முதலில் இவர்களுக்கு எழுத்தில் தெரிவிப்பேன், 60 நாளுக்குள் வெளியார் தரும் விலைக்கே அவர்கள் வாங்கலாம், வாங்காவிட்டால் யாருக்கும் விற்பேன்.’ இத்தகைய ஒப்பந்தம் செல்லும் என்று 1967-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞரைக் கொண்டு எழுதி, பதிவு செய்து வையுங்கள். பதிவு செய்யாவிட்டால், ‘எனக்குத் தெரியாது’ என்று வாங்கியவர் தப்பிவிடுவார். நாள் கணக்கும் விலை முடிவு செய்யும் முறையும் எழுதாமல் விட்ட ஒப்பந்தங்கள்தான் நீதிமன்றத்தில் தோற்கின்றன.

வெளியூரில் இருப்பவரின் நிலத்துக்கு வேறு வழி உண்டு. குத்தகைக்கு விட்டால் திரும்ப வராது என்று பயந்து பலர் தரிசாகவே போடுகிறார்கள். தரிசு கிடப்பதுதான் பிறகு விலைக்கு வரும். குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் தன் குடும்பத்தின் உடலுழைப்பைச் செலுத்திப் பயிரிடுபவரைக் காக்கிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் குத்தகை எடுத்தால் உரிமையாளருக்கு அந்த அச்சம் குறையும். பத்து உற்பத்தியாளர் சேர்ந்தாலே அதைப் பதிவு செய்ய முடியும். மூன்று வருடக் குத்தகை, சிறு தொகையானாலும் முன்பணம், கரையோர மரங்களுக்கு உரிமையாளருக்கே உரிமை என்று எழுதினால் பேச வருவார்கள். மடையும் மறுகாலும் சரியாக இருந்து கண்மாயில் தண்ணீர் நின்றால் ஆயக்கட்டில் ஒருவரும் அவசரமாக விற்க மாட்டார். குழுவின் முதல் வருட நிதியை வழக்குக்குச் செலவழிப்பதைவிட வரத்துக்காலைத் தூர்வாரச் செலவழிப்பது மேல் என்பது என் கருத்து. நீர்வளத்துறையின் அல்லது ஊராட்சி ஒன்றியத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு செய்யுங்கள். இல்லாவிட்டால் மண் அள்ளியதாக உங்கள் மேலேயே புகார் வரும்.

சேர்ந்து வாங்குவது என்றால் எல்லா நிலத்தையும் வாங்கத் தேவையில்லை. வரத்துக்காலை ஒட்டிய துண்டு, மேய்க்காலுக்குப் போகும் பாதையை ஒட்டிய துண்டு போன்று, கை மாறினால் மற்றவையும் சரியும் இடங்களை வரைபடத்தில் குறித்து, அவற்றுக்கு மட்டும் பணம் சேருங்கள். முப்பது பேர் பெயரில் கூட்டுப் பட்டாவாக வாங்காதீர்கள். அடுத்த தலைமுறையில் நூறு வாரிசு ஆகி, ஒருவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் அதோடு முடிந்தது. பொது அறக்கட்டளையோ உற்பத்தியாளர் நிறுவனமோ வாங்கட்டும். அறக்கட்டளைப் பத்திரத்தில், நிலம் வேளாண்மைக்கும் மேய்ச்சலுக்கும் மட்டுமே என்றும், அறக்கட்டளை கலைந்தால் அதே நோக்கமுள்ள வேறு அமைப்புக்கே போகும் என்றும் எழுதுங்கள். நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் குடும்பத்துக்கு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தீர்வையை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்கிறது. அமைப்புகளுக்கும் வரம்பு உண்டு. வாங்கும் முன் அதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

மேய்க்காலுக்கு நீண்ட காலப் பாதுகாப்பு வேண்டுமானால் பல்லுயிர்ச் சட்டத்தைப் பயன்படுத்தலாம். 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். பல ஊர்களில் குழு பெயரளவில்தான் இருக்கிறது. அதை உயிர்ப்பித்து, மேய்க்காலில் உள்ள புல் வகை, மூலிகை, பறவை, ஆடுமாட்டு எண்ணிக்கை, ஊற்று எல்லாவற்றையும் பருவவாரியாகப் பதியுங்கள். 37-வது பிரிவின் கீழ் மாநில அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரத்தில் 193.42 எக்டேர் 2022 நவம்பரில் அப்படி அறிவிக்கப்பட்டது. 2024-இல் அந்தப் பகுதியையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் விடப்பட்டபோது, கிராம சபைத் தீர்மானங்கள், மக்கள் போராட்டம், டிசம்பர் 9 சட்டமன்றத் தீர்மானம் எல்லாம் சேர்ந்து, 2025 ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. முன்பே எழுதி வைத்திருந்த பதிவுகள் அங்கே மக்கள் கையில் இருந்த ஆதாரம். திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் 5 எக்டேர்கூட இல்லாத கோயில்காடு 2025-இல் இந்தத் தகுதி பெற்றது. ஆகவே 8.90 எக்டேர் சிறிது என்று தயங்காதீர்கள்.

டெல்டாவுக்கு 2020-இல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் போல உங்கள் பகுதிக்கும் கேட்கலாமா என்று உங்கள் குழுவில் யாராவது சொல்லக்கூடும். அந்தச் சட்டம் ஹைட்ரோகார்பன், உருக்காலை, தோல் தொழிற்சாலை போன்றவற்றைத்தான் தடுக்கிறது. மனைப்பிரிவை அது தடுக்காது.

கடைசியாக, கெடு. வாய்க்கால் மூடல், நீர்வழி மறிப்பு ஆகியவற்றுக்குச் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். ஆனால் வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கலாம். உங்கள் ஊரில் சரள் அடித்தது எந்தத் தேதி என்று லாரி வந்த நாளில் எடுத்த படங்களிலிருந்து இன்றே கணக்கிடுங்கள். நாலு மாதம் கடந்திருந்தால், தகவல் உரிமைப் பதிலுக்காகக் காத்திராமல் கையில் உள்ள புலப்படத்தோடும் படங்களோடும் வழக்கறிஞரைப் பாருங்கள்.